கஷாயமும் மருந்தே

வெளிநோயாளர் பிரிவில் இருமலுக்காக வருவோர் அனைவரிடமும் நாங்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "இப்போது வேறு ஏதேனும் மருந்து உட்கொள்கிறீர்களா?" என்பதே அது. இரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை, எப்போதோ வாங்கி வைத்த ஒவ்வாமை மாத்திரை என்று பதில் வரும். அதற்குமேல் ஒன்றுமில்லை என்பார்கள். பேச்சு சற்று நீளும்போதுதான் காலையில் ஆடாதோடைக் குடிநீர், இரவில் பாலில் கலந்த திப்பிலிப் பொடி, இடையிடையே வாயில் அடக்கிக்கொள்ள அதிமதுரத் துண்டு என்று மூன்று வாரச் செய்திகள் மெல்ல வெளிவரும். மறைக்க வேண்டும் என்ற எண்ணத்தால் எவரும் மறைப்பதில்லை. வீட்டில் காய்ச்சியதை மருந்து என்று அவர்கள் எண்ணுவதில்லை, அவ்வளவே.

சளி இருமலுக்கு நம் வீடுகளில் வழங்கிவரும் மூலிகைகள் சிலவற்றில் உண்மையாகவே மருந்துச் சத்து இருக்கிறது. அது இருப்பதனாலேயே அவற்றை மருந்தாக நடத்த வேண்டும் என்பது எங்கள் கருத்து. மருந்து என்றால் அதற்கு அளவு உண்டு; கால வரம்பு உண்டு; ஆகாதவர் உண்டு; மருத்துவரின் குறிப்பேட்டில் ஓர் இடமும் உண்டு. "வெறும் இலைச்சாறு, இதில் என்ன இருக்கிறது?" என்று இகழ்பவரும், "வெறும் இலைச்சாறு, இது என்ன செய்துவிடும்?" என்று அளவின்றிக் குடிப்பவரும் செய்யும் பிழை ஒன்றே. இருவருமே அந்த இலையில் ஒன்றுமில்லை என்றுதான் நம்புகிறார்கள்.

சளி எதற்காக?

மூச்சுக்குழாய்களின் உட்சுவரில் மெல்லிய கோழைப் படலம் எப்போதும் இருக்கும். மூச்சோடு வரும் தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து அந்தப் படலத்தைத் தொண்டையை நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நாம் அறியாமலே அதை விழுங்கிவிடுகிறோம். தொற்று ஏற்படும்போது கோழை பெருகிக் கெட்டிப்படுகிறது. நுண்மயிர்களால் தள்ள இயலாததை இருமல் வெளியே கொண்டுவருகிறது.

ஆகவே சளியோடு வரும் இருமலில் முதலில் செய்ய வேண்டியது சளியை இளக்கி வெளியேற்றுவது. வறட்டு இருமலை அடக்குவதற்கென்று உள்ள மருந்தைக் கடையில் தாமாகவே வாங்கி, சளி இருமலுக்குக் குடிப்பது சரியன்று. வெளியேற வேண்டியது உள்ளேயே தங்கிவிடும். சித்த மருத்துவ நூல்கள் இவ்வகைச் சரக்குகளைக் "கோழையகற்றி" என்ற பெயரால் குறிக்கின்றன. இருமலை அடக்குவதைப் பேசாமல் கோழையை அகற்றுவதைப் பேசும் அந்தச் சொல்லில் நல்ல மருத்துவ அறிவு அடங்கியிருக்கிறது.

வேலியோரச் செடியும் மருந்துக்கடைப் புட்டியும்

ஆடாதோடையை அறியாத கிராமம் தமிழ்நாட்டில் அரிது. கண்டதையெல்லாம் மேயும் ஆடுகூடத் தொடாத இலை என்பதால் இப்பெயர் வந்தது என்பர். ஆடு தொடாமைக்குக் காரணம் அதன் கசப்பு. அந்தக் கசப்பில் வாசிசின் என்னும் காரப்போலி இருக்கிறது. சென்னை மாகாண அரசின் வேதியியலாளராக உதகமண்டலத்தில் பணியாற்றிய டேவிட் ஹூப்பர் என்னும் ஆங்கிலேயர், 1888ஆம் ஆண்டில் இந்த இலையை ஆராய்ந்து அச்சத்தைப் பிரித்துக் காட்டினார்.

கதை அங்கே முடியவில்லை. வாசிசினின் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு ஜெர்மானிய மருந்து ஆய்வாளர்கள் புரோம்ஹெக்சின் என்ற மருந்தை உருவாக்கினர். 1960களில் அது நோயாளர்களின் பயன்பாட்டுக்கு வந்தது. புரோம்ஹெக்சின் உடலுக்குள் சென்றபின் அம்ப்ராக்சால் என்ற பொருளாக மாறுகிறது. பின்னர் அம்ப்ராக்சாலே தனி மருந்தாகவும் வெளிவந்தது. சளியை இளக்க இன்று நாங்கள் எழுதித் தரும் மருந்துகள் பலவற்றின் புட்டியில் இவ்விரண்டு பெயர்களில் ஒன்றைக் காணலாம். வேலியோரச் செடிக்கும் மருந்துக்கடைப் புட்டிக்கும் இரத்த உறவு இருக்கிறது. ஆடாதோடையைக் கேட்டதும் நகைக்கும் இளம் மருத்துவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

ஆயினும் உறவு என்பது ஒன்றாயிருத்தல் ஆகாது. புட்டியில் உள்ள மருந்து ஒரு கரண்டிக்கு இத்தனை மில்லிகிராம் என்று அளந்து தரப்படுகிறது. இலையில் உள்ள சத்தோ பருவத்திற்கும் மண்ணிற்கும் இலையின் முதிர்ச்சிக்கும் ஏற்ப மாறுகிறது. ஒரு வீட்டில் நான்கு இலையை ஒரு குவளை நீரில் காய்ச்சுவார்கள். அடுத்த வீட்டில் ஒரு கைப்பிடியை அரைக் குவளையாக வற்றவைப்பார்கள். இரண்டுக்கும் பெயர் ஆடாதோடைக் கஷாயம்தான். மேலும், இவை எவையும் மாயம் செய்வன அல்ல. புட்டி மருந்தும் சரி, கஷாயமும் சரி, சளியைச் சற்று இளக்கித் தரும். சளியை உண்டாக்கிய நோயை இவை தீர்ப்பதில்லை.

மற்ற மூலிகைகள்

ஆடாதோடை அளவுக்குத் தெளிவான வரலாறு மற்ற மூலிகைகளுக்கு இல்லை. 1999இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் தூதுவளைப் பொடியும் கண்டங்கத்திரிப் பொடியும் ஆஸ்துமா நோயாளர்களின் மூச்சோட்டத்தை ஓரளவு மேம்படுத்தின. சால்பியூட்டமால் மாத்திரை அவற்றைவிடக் கூடுதலாக மேம்படுத்தியது. பொருட்படுத்தத்தக்க செய்திதான், எனினும் சிறிய ஆய்வு ஒன்றை வைத்து உள்ளிழுக்கும் மருந்தை ஒருவர் நிறுத்திவிட முடியாது. கற்பூரவல்லியின் மணத்திற்குக் காரணமான கார்வக்ராலும், ஓமத்தின் மணத்திற்குக் காரணமான தைமாலும் ஆய்வுக்கூடத்துக் கண்ணாடித் தட்டில் கிருமிகளைக் கட்டுப்படுத்துகின்றன. தட்டில் ஊற்றும் அளவு, குடித்த சாற்றிலிருந்து நுரையீரலைச் சென்று சேர்வதில்லை.

தேனுக்குச் சற்று உறுதியான சான்று உண்டு. ஒரு வயதைக் கடந்த குழந்தைகளின் சாதாரணச் சளி இருமலுக்குத் தேன் ஓரளவு இதம் தருகிறது என்பதைப் பல ஆய்வுகளை ஒருங்கே சீர்தூக்கிய மதிப்பீடுகள் கூறுகின்றன. இரவு உறங்குவதற்கு முன் ஒரு சிறு கரண்டித் தேன் கொடுக்கும் பாட்டியோடு எங்களுக்கு எந்த வழக்கும் இல்லை.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வைரசால் வரும் சளி இருமல் பெரும்பாலும் மூன்று வாரங்களுக்குள் தானாகவே தணிந்துவிடும். பத்தாம் நாள் எதைக் குடித்தாலும் பதினைந்தாம் நாள் அதுவே நோயைத் தீர்த்ததாகத் தோன்றும். கஷாயத்திற்குக் கிடைக்கும் இந்தப் புகழ் எங்கள் புட்டிகளுக்கும் கிடைக்கிறது; தேவையின்றி வாங்கி விழுங்கப்படும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளுக்கும் கிடைக்கிறது. வைரசுக்கு நுண்ணுயிர்க்கொல்லியால் பயனில்லை. கிருமிகள் அதற்குப் பழகிப்போவதே மிச்சம். உடல்நலமுள்ள ஒருவர் சளி பிடித்த முதல் வாரத்தில் அத்தகைய மாத்திரையைத் தாமாக வாங்குவதைவிட, வெந்நீரும் மிளகு ரசமும் துளசிக் குடிநீரும் குடித்து ஓய்வெடுப்பதையே நாங்கள் விரும்புவோம்.

ஆகாதவர் யார்?

அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணம் கிளிசிரைசின் என்னும் பொருள். அது சிறுநீரகத்தில் கார்டிசால் என்ற சுரப்பைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. அதன் விளைவாக உடலில் உப்பும் நீரும் தங்குகின்றன. பொட்டாசியம் சிறுநீரோடு வெளியேறுகிறது. இரத்த அழுத்தம் உயரலாம், கால் வீங்கலாம், தசை தளரலாம், இதயத் துடிப்பு சீர்கெடலாம். கிளிசிரைசின் நாளொன்றுக்கு 100 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய உணவு அறிவியல் குழு 2003இல் வரம்பு வகுத்தது. இரண்டு நாள் தொண்டைக் கரகரப்புக்கு ஒரு துண்டு அடக்கிக்கொள்வதைப் பற்றி நாங்கள் பேசவில்லை. இரத்த அழுத்தமோ இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர் வாரக்கணக்கில் அதிமதுரப் பொடி உண்பதைப் பற்றிப் பேசுகிறோம். நீர் பிரியும் மாத்திரையோ டிகாக்சினோ உட்கொள்பவருக்கு இந்த அபாயம் இரட்டிப்பாகும். ஏனெனில் பொட்டாசியத்தைக் குறைக்கும் வழி இரண்டாகிறது, குறைந்தால் தாங்கும் வலிமையோ இதயத்திற்கு இல்லை.

திப்பிலியிலும் மிளகிலும் உள்ள பிப்பரின் வேறு வகையானது. அது மற்ற மருந்துகள் குடலில் உறிஞ்சப்படுவதையும் கல்லீரலில் சிதைக்கப்படுவதையும் மாற்றி, இரத்தத்தில் அவற்றின் அளவை உயர்த்தக்கூடியது. இந்தப் பண்பையே நன்மையாக்கினர் நம் நாட்டு அறிவியலாளர். ஜம்முவில் உள்ள மத்திய அரசு ஆய்வுக்கூடத்தின் ஆய்வின் வழியே, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினோடு 10 மில்லிகிராம் பிப்பரின் சேர்த்த மாத்திரை ஒன்று உருவானது. வழக்கமாக 450 மில்லிகிராம் தேவைப்படும் ரிஃபாம்பிசினை அதில் 200 மில்லிகிராமாகக் குறைக்க முடிந்தது. திரிகடுகத்தை மற்ற மருந்துகளோடு சேர்த்துத் தந்த பழைய வைத்திய முறையே அவ்வாய்வுக்குத் தூண்டுகோல்.

அளந்து சேர்த்தால் நன்மை தருவது, அளவறியாமல் சேர்ந்தால் என்னவாகும்? வலிப்புக்கு ஃபெனிடாயின், மூச்சிரைப்புக்கு தியோஃபிலின், இதயத்திற்கு புரோப்ரனலால் ஆகிய மருந்துகளின் அளவைப் பிப்பரின் உயர்த்துவது ஆய்வுகளில் காணப்பட்டுள்ளது. ஃபெனிடாயினும் தியோஃபிலினும் சற்று மிகுந்தாலே தலைசுற்றல், வாந்தி, படபடப்பு என்று தொல்லை தருபவை. உணவில் சேரும் மிளகை எவரும் கைவிட வேண்டியதில்லை. நாள்தோறும் கரண்டிக் கணக்கில் திப்பிலிப் பொடி உண்பவர்தாம் எங்களிடம் சொல்ல வேண்டும்.

ஆடாதோடைக்கும் ஆகாதவர் உண்டு. வாசிசின் கருப்பையைச் சுருங்கச் செய்யும் தன்மையுடையது. கருவுற்ற பெண்கள் ஆடாதோடைக் குடிநீரையும் மணப்பாகையும் தவிர்க்க வேண்டும்.

கைக்குழந்தைகள்

குழந்தைகளைப் பொறுத்தவரை எங்கள் கருத்தில் தளர்வு இல்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. நாக்கில் தொட்டு வைப்பதும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரி வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து நச்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யலாம். மூலிகைச் சாற்றைத் தேனில் குழைத்துத் தரும் வழக்கமும் இதில் அடங்கும்.

சளிக்காகக் கைக்குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவதும், படுக்கவைத்து மூக்கைப் பிடித்துக் கஷாயம் புகட்டுவதும் கைவிட வேண்டிய வழக்கங்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் எளிதில் ஆறாத நிமோனியாவை உண்டாக்கும். கற்பூரமும் மரத்திலிருந்து வந்த பொருள்தான். பூசை மாடத்தில் உள்ள சிறு வில்லையைக் குழந்தை விழுங்கிவிட்டால் சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தைக் காய்ச்சிக் கைக்குழந்தையின் நெஞ்சில் தேய்ப்பதையும் வேண்டாம் என்கிறோம்.

குழந்தை வேகமாக மூச்சுவிட்டாலோ, மூச்சிழுக்கும்போது விலாவின் கீழே உள்வாங்கினாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, சோர்ந்து துவண்டாலோ அடுப்பில் எதையும் ஏற்றாமல் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

இரண்டு வாரம் என்னும் எல்லை

இதுவரை சொன்னவை கஷாயம் செய்யக்கூடிய தீங்குகள். எங்கள் அனுபவத்தில், கஷாயம் தானாகச் செய்யும் தீங்கைவிட அதை நம்பிக் கழிந்த நாள்கள் செய்யும் தீங்கு பெரிது.

இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் அறிவுரை. இருமலோடு மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவில் வியர்வை, சளியில் இரத்தம் இவற்றில் எது இருந்தாலும் இரண்டு வாரம்வரை காத்திருக்கவும் தேவையில்லை. காசநோயில் முதல் சில வாரங்கள் இருமல் கூடும், குறையும். குறையும் நாள்களில் "தூதுவளை கேட்கிறது" என்று தோன்றும். தூதுவளை காசநோயாளருக்கு நஞ்சு அன்று. ஆனால் அது காசநோய்க் கிருமியைக் கொல்வதில்லை. அந்த இடைவெளியில் நுரையீரல் அரிக்கப்படுகிறது. அதே அறையில் உறங்கும் பேரக் குழந்தைக்கும் தொற்று போய்ச் சேருகிறது.

அரசு மருத்துவமனைகளில் இந்தப் பரிசோதனைக்கும் மருந்துக்கும் கட்டணம் இல்லை. மூலக்கூறுப் பரிசோதனையின் முடிவு சில மணி நேரத்தில் தெரிந்துவிடும். சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டுள்ளது. குணமாகக்கூடிய நோய்க்கு, கஷாயத்தின் பேரில் மூன்று மாதத்தை இழப்பது எங்களுக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

சளி இருமல் எல்லாம் நுரையீரலில் தொடங்குவதும் இல்லை. படுத்தால் மூச்சுத் திணறி, எழுந்து உட்கார்ந்தால் தணிந்து, காலும் வீங்கியிருந்தால் இதயத்தின் தளர்ச்சியால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். அந்த நிலையில் உப்பையும் நீரையும் தேக்கும் அதிமதுரம் எரிகிற வீட்டில் எண்ணெய் வார்ப்பதாகும். நெடுநாள் புகைபிடித்தவரின் இருமல் தன் இயல்பு மாறினாலோ, சளியில் இரத்தம் தென்பட்டாலோ நெஞ்சுப் படம் எடுத்துப் பார்க்காமல் வேறெதையும் தொடங்கலாகாது.

எங்கள் கடமை

சென்னைத் தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் சவுரி முத்து காசநோயாளருக்கென ஓர் இல்லம் தொடங்கினார். அதுவே இன்றைய அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. அந்த இடத்து ரயில் நிலையத்திற்கு இன்றும் சானடோரியம் என்றே பெயர். அதே சானடோரியத்தில் 2005இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் திறக்கப்பட்டது. இரண்டும் அக்கம்பக்கம். ஒரே ரயிலில் இறங்கும் இருமல் நோயாளர் இரண்டில் எந்த வாயிலுக்குள்ளும் நுழையலாம். காலையில் ஒன்றும் மறுநாள் மற்றொன்றுமாக இரண்டிலும் நுழையலாம். தமிழ்நாடெங்கும் அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவு உண்டு. நோயாளர் இரண்டு மருத்துவத்தையும் நாடுவது நம் ஊரின் நடைமுறை. அதை மாற்ற முயல்வதைவிட, இரண்டு மருந்துகளும் ஒரே ஏட்டில் பதிவாகச் செய்வதே நோயாளருக்குப் பயன் தரும்.

அதற்கு முதல் தடை எங்கள் பக்கத்தில்தான் இருக்கிறது. "அதையெல்லாம் ஏன் குடிக்கிறீர்கள்?" என்று மருத்துவர் கடிந்துகொண்டால், நோயாளர் குடிப்பதை நிறுத்துவதில்லை; சொல்வதைத்தான் நிறுத்துகிறார். ஆகவே மருத்துவர்களும் செவிலியர்களும் கேள்வியை மாற்ற வேண்டும் என்கிறோம். "வேறு மருந்து உண்டா?" என்பதோடு, "இருமலுக்கு வீட்டில் என்ன செய்து கொடுத்தீர்கள்?" என்றும் கேட்க வேண்டும். நோயாளரிடம் மட்டுமன்றி உடன் வந்தவரிடமும் கேட்க வேண்டும். காய்ச்சிக் கொடுத்தவர் பெரும்பாலும் அவர்தாம். சொன்ன பதிலை மாத்திரைகளுக்கு எழுதுவது போலவே பெயர், அளவு, நாள் என்று குறிப்பேட்டில் எழுத வேண்டும்.

உங்களிடம் நாங்கள் கேட்பதும் சிறிதே. நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய பொடியையோ மணப்பாகையோ அதன் உறையோடு கொண்டுவாருங்கள். சித்த மருந்துகளுக்கும் தயாரிப்பு உரிமம் சட்டப்படி கட்டாயம். உறையில் தயாரிப்பாளர் பெயர், உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவை இருக்க வேண்டும். பெயரில்லாப் பொட்டலத்தில் வரும் "மூச்சிரைப்புப் பொடி" இரண்டே நாளில் அதிசயம் செய்தால் ஐயுறுங்கள். அத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது உண்டு. வீட்டில் காய்ச்சினால் எந்த இலை, எத்தனை, நாளைக்கு எத்தனை முறை, எந்தத் தேதியிலிருந்து என்று ஒரு தாளில் எழுதி வாருங்கள். இலையின் பெயர் தெரியாவிட்டால் ஓர் இலையையே கொண்டுவாருங்கள். மூலிகை மருத்துவம் வேண்டுமெனில் பதிவு பெற்ற சித்த மருத்துவரை நாடி, நாங்கள் தந்த மாத்திரைகளை அவரிடமும் காட்டுங்கள். அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தால் மயக்க மருத்துவரிடமும் இதைச் சொல்லுங்கள்.

இருமல் இரண்டு வாரத்தைக் கடந்திருந்தால் அந்தத் தாளோடு இன்னொன்றும் தேவைப்படும். சளிப் பரிசோதனைக்கு நாங்கள் தரும் சிறு கிண்ணத்தில், காலையில் எழுந்ததும் வாயைக் கொப்புளித்துவிட்டு, ஆழ்ந்து மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து காறி எடுத்த சளியைத் தாருங்கள், எச்சில் போதாது. அதன் பிறகு எந்தக் கஷாயத்தைத் தொடரலாம், எதை நிறுத்தலாம் என்பதை உங்களோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்ய நாங்கள் அணியமாக இருக்கிறோம்.